ஐந்தாம் நாள் எழுதிய வாக்கியம்

மார்ச் 4

மதிப்புக்குரிய முதன்மை ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

புற்றுநோய் வார்டின் பொறுப்புச் செவிலியர் எழுதிக்கொள்வது. உங்கள் அண்ணி என்றும் எழுதியிருக்கலாம். ஆனால் அந்தப் பதவியை நான் பத்து நாளைக்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டேன்.

நீ (மரியாதை இத்தோடு போதும், கை வலிக்கிறது) எங்கள் கண்காணிப்பாளருக்கு அனுப்பிய புகார், மெமோவாக மாறி என் மேசைக்கு வந்திருக்கிறது. "பத்துக்குப் பத்து மதிப்பெண் இருந்த நோயாளிக்கு, விதிமுறையை மீறி ஸ்டீராய்டு ஊசி போட வற்புறுத்தியது ஏன்? பதினைந்து நாளில் விளக்கம் தேவை." இருபத்தாறு வருட வேலையில் எனக்கு வந்த முதல் மெமோ. அதை வரவழைத்தவள், என் கல்யாணத்தன்று என் மடியில் படுத்துத் தூங்கிப்போன பத்து வயதுப் பெண்.

அதற்கப்புறம் ஒன்பது தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. எழுத்தில் புகார் சொன்னவள் எழுத்திலேயே பேசட்டும். உன் அண்ணனையும் தூது வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர்தான், அதற்காக நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஏறி இறங்க வேண்டும் என்று தலையெழுத்தா?

இப்போது நடந்தது. விசாரிக்கிறவர்கள் கைக்கும் இந்தக் கடிதம் போகலாம் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நோயாளியின் ரத்தத்திலிருந்து எதிர்ப்புச் செல்களை எடுத்து, உன் ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்குப் புற்றை அடையாளம் காட்டி, பெருக்கி, திரும்ப அவர் உடம்புக்கே அனுப்புகிறாய். அவை போய்ப் புற்றோடு மோதுகின்றன. சிலருக்கு அந்தச் சண்டை எல்லை மீறி, முதல் பத்து நாளுக்குள் மூளை வீங்கிவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் தினமும் இரண்டு வேளை உன் பத்து மதிப்பெண் பரீட்சை. இது என்ன மாதம், இது என்ன பொருள், நூறிலிருந்து பின்னால் எண்ணு, கடைசியில் நீ கொடுத்த வாக்கியத்தை எழுது: "இன்று வானம் தெளிவாக இருக்கிறது."

பதினோராம் எண் நோயாளி, வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கிற இன்ஸ்பெக்டர். எங்கள் வார்டில் அவருக்குப் புகார்ப் பெட்டி என்று பெயர். ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு உன் பரீட்சையில் பத்துக்குப் பத்து வாங்கினார். பிறகு என் நோட்டில் ஒரு வரி எழுதினார்: "எல்லாம் நன்றாக இருக்கிறது, அனைவருக்கும் நன்றி."

நான் டூட்டி டாக்டரிடம் ஓடினேன். "டாக்டர், அவருக்கு மூளையில என்னவோ ஆகுது. நன்றி சொல்றாரு!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு மணி நேரம் அவர் பின்னாலேயே நடந்தேன். என் தொல்லை தாங்காமல் ஒன்பது மணிக்கு ஊசி போட்டார். பன்னிரண்டு மணிக்கு நோயாளியிடம் பேனாவைக் காட்டினால் "செருப்பு" என்றார். சாயங்காலத்துக்குள் தெளிந்துவிட்டார்.

என் விளக்கம் இவ்வளவுதான். கண்காணிப்பாளருக்கும் இதையேதான் கொடுத்திருக்கிறேன்.

பொறுப்புச் செவிலியர்


மார்ச் 9

அண்ணி,

ராஜினாமாவை நான் ஏற்கவில்லை. அந்தப் பதவிக்கு வேறு ஆள் கிடையாது.

நீங்கள் கோபப்படலாம், ஆனால் நான் செய்ததைத்தான் இன்னொரு தடவையும் செய்வேன். வேறு எந்த வார்டில் விதி மீறப்பட்டிருந்தாலும் அன்றைக்கே புகார் எழுதியிருப்பேன். உங்கள் வார்டு என்பதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தால், நாளைக்கு ஒருவன் எழுந்து "அண்ணி என்பதால் மூடி மறைத்தாள்" என்பான். அப்புறம் இந்தச் சிகிச்சையில் பிழைத்தவர்களின் கணக்கையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

ஏப்ரல் 20 அன்று மதிப்பீட்டுக் குழு கூடுகிறது. சோதனைச் சிகிச்சையைத் தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று அன்றைக்கு முடிவு. காத்திருப்போர் பட்டியலில் ஏழு பேர் இருக்கிறார்கள். வேறு மருந்து எதுவும் மிச்சமில்லாத ஏழு பேர். குழுவுக்கு நான் "ஆராய்ச்சியின் தாக்கம்" என்று ஒரு அறிக்கை தர வேண்டும். பதினாறு வருடம் செய்த வேலையால் உலகத்துக்கு என்ன ஆயிற்று என்று பத்துப் பக்கத்தில். முதல் பக்கம் எழுதிவிட்டேன்: அறுபத்து நான்கு கட்டுரைகள், மற்ற விஞ்ஞானிகள் அவற்றை மேற்கோள் காட்டியது நாலாயிரத்து நூறு தடவை, என் முறையைப் பின்பற்றும் ஆய்வுக்கூடங்கள் ஒன்பது. பெருமையாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்?

அதே அறிக்கையில், "நோயாளி நன்றி சொன்னார், ஆகவே ஊசி போட்டோம்" என்று எழுத முடியுமா? நீங்களே சொல்லுங்கள். ஸ்டீராய்டு வீக்கத்தை மட்டும் தணிக்காது. நான் பன்னிரண்டு நாள் கண்ணில் வைத்து வளர்த்து அனுப்பிய செல்களையும் முடக்கிப்போட்டுவிடும். புற்று ஜாலியாகத் தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் மதிப்பெண் ஏழுக்குக் கீழே இறங்கினால் மட்டும் ஊசி என்று விதி வைத்தேன்.

நீங்கள் சொல்வது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நல்லவர்கள் சொல்வதை நம்புவது என் தொழில் இல்லையே.

ஒன்று கேட்க வேண்டும். "என் நோட்டு" என்கிறீர்களே, அது என்ன நோட்டு? என் விதிமுறையில் நோட்டு எதுவும் கிடையாதே?

உங்கள் நாத்தனார் (இந்தப் பதவியில் நான் தொடர்கிறேன்)


மார்ச் 13

வாலு,

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பழக்கதோஷத்தில் கை அப்படி எழுதிவிட்டது.

நோட்டைப் பற்றிக் கேட்டாய். முதலாம் எண் நோயாளி ஒரு தையல்காரர். "எத்தனை தடவைதாம்மா இந்த வானத்தையே எழுதுறது? நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்று பேனாவைத் தூக்கிப் போட்டார். சரி, முதலில் பரீட்சை வாக்கியத்தை எழுதுங்கள், அப்புறம் இந்த நோட்டில் மனதுக்குத் தோன்றியதை ஒரு வரி எழுதுங்கள் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்தேன். அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு நோட்டு. பொழுதுபோக்குக்காக ஆரம்பித்ததுதான்.

புகார்ப் பெட்டி எழுதியதைப் பார்.

முதல் நாள்: "கட்டிலின் இடது பின்சக்கரம் கிறீச்சிடுகிறது, எண்ணெய் போட இங்கே ஆள் இல்லையா?"

இரண்டாம் நாள்: "சூப் என்று ஒன்று வந்தது, சுடுதண்ணீருக்குத் தூரத்துச் சொந்தம்."

மூன்றாம் நாள்: "டாக்டர் கதவைச் சாத்தாமல் போகிறார், அவர் வீட்டில் கதவே கிடையாது போலிருக்கிறது."

நாலாம் நாள்: "சக்கரத்துக்கு இன்னும் எண்ணெய் போடவில்லை."

ஐந்தாம் நாள் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். நான் கட்டிலை லேசாகத் தள்ளிப் பார்த்தேன். சக்கரம் கத்தியது. அந்த மனுஷர் அந்தச் சக்கரத்தை வைத்துக்கொண்டு "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று எழுதுகிறவர் இல்லை. எனக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை உன் அண்ணனிடம்கூட நான் சொன்னதில்லை.

நாலாம் எண் ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அவள் ஒரு எண். எனக்கு இருபத்து நாலு வயது நீச்சல் பயிற்சியாளர். தினமும் நோட்டில் என்னைக் கிண்டல் செய்து ஒரு விடுகதை எழுதுவாள். "குத்திவிட்டு 'வலிக்கலையே?' என்று கேட்பவர் யார்?" இந்த மாதிரி. ஆறாம் நாள் காலையில் உன் பரீட்சையில் பத்துக்குப் பத்து வாங்கினாள். நோட்டிலும் ஒரு வரி எழுதினாள். "இன்று வானம் தெளிவாக இருக்கிறது." அதே உன் வாக்கியம். விடுகதை இல்லை, கிண்டல் இல்லை. அன்றைக்கு ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. "களைச்சுப் போயிட்டா போல" என்று நினைத்து நோட்டை மூடி வைத்தேன். மத்தியானம் வலிப்பு வந்தது. அப்புறம் அவள் எழுந்திருக்கவே இல்லை.

பத்துக்குப் பத்து என்று அவள் தாளில் கையெழுத்துப் போட்டவள் நான். அதனால்தான் பதினோராம் எண் நன்றி சொன்னபோது அந்த டாக்டரை விடாமல் துரத்தினேன். உன் நாலாயிரத்து நூறு மேற்கோளில் எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள் என்று ஒரு பத்தி எழுது. அதுதான் தாக்கம்.

பதினோரு நோட்டும் என் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் தருவேன். உத்தரவு போட்டால் தரமாட்டேன்.

அண்ணி


மார்ச் 17

அண்ணி,

கேட்கிறேன்.

வாலு


மார்ச் 19

உன் பங்கு மூளையை உபயோகித்து இவற்றைப் படி. எட்டாம் எண் காதல் கடிதம் எழுதியிருக்கிறார், அந்தப் பக்கங்களை மட்டும் பார்க்காத மாதிரி திருப்பிவிடு. நோட்டில் எழுதியவர்களிடம் கேட்டுவிட்டேன். எல்லோரும் ஆராய்ச்சிக்குத் தரலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாலாம் எண்ணின் நோட்டை நீ மட்டும் பார்த்துக்கொள், அவள் அம்மாவிடம் நான் இன்னும் பேசவில்லை.

கையெழுத்து வாங்கப் போனபோது புகார்ப் பெட்டி, படிவத்தில் இரண்டு பிழை இருக்கிறது என்றார். சந்தோஷமாக இருந்தது.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணி,

உட்கார்ந்து படியுங்கள்.

நோட்டுகள் வந்த அன்றைக்கே எல்லாவற்றையும் படித்தேன். படித்ததும் நீங்கள் சொல்வது சரி என்று தோன்றியது. உடனே எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நடந்தது தெரிந்துகொண்டு படித்தால் எந்த வரியும் விபரீதமாகத்தான் தெரியும். அதனால் ஒரு பரீட்சை வைத்தேன். நாலாம் எண்ணை ஒதுக்கிவிட்டு மற்ற பத்துப் பேரின் வரிகளை டைப் செய்து, நாள் எண்ணை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு தாள்கட்டாக வைத்து, கட்டுக்குள் தாள்களைக் கலைத்தேன். சிகிச்சையைப் பற்றி ஒன்றும் தெரியாத மூன்று பேரிடம் கொடுத்தேன்: எங்கள் நூலகர், காவலாளி, பக்கத்துத் துறைக் கணித ஆசிரியை. "ஒவ்வொரு தாள்கட்டுக்குள்ளும் அந்த ஆள் எழுதாத மாதிரி ஒரு வரி இருந்தால் எடுத்துத் தாருங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள்." அவ்வளவுதான் கேட்டேன்.

பத்துப் பேரில் நாலு பேருக்கு மூளை பாதிப்பு வந்தது. அதில் மூன்று பேரின் தாள்கட்டிலிருந்து, படித்த மூவரும் ஒரே தாளை எடுத்தார்கள். மூன்றுமே பாதிப்பு வெளியே தெரிந்த அதே நாள் காலையில் எழுதியவை. என் பரீட்சை விழித்துக்கொள்வதற்கு மூன்றிலிருந்து எட்டு மணி நேரம் முன்னால். காவலாளி, புகார்ப் பெட்டியின் கட்டை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார். "இது வேற யாரோ எழுதினது மேடம்" என்றார். பாதிப்பு வராத ஆறு பேரில் ஒருவருக்கு மட்டும் தப்பாக எடுத்தார்கள். அது உங்கள் காதல் கடிதக்காரர். அன்றைக்கு அவர் மனைவி பார்க்க வந்திருந்தாராம், அதனால் வெறும் வானிலை பற்றி எழுதியிருக்கிறார்.

பத்துப் பேர் என்பது கைவிரலில் அடங்குகிற கணக்கு. இதை வைத்து உலகத்தைப் புரட்டிவிட முடியாது. ஆனால் தூக்கி எறியவும் முடியாது.

என் வாக்கியம் ஏன் ஏமாற்றியது என்றும் யோசித்தேன். எல்லா நோயாளிக்கும் ஒரே வாக்கியம் இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்று பிடிவாதமாக வைத்தவள் நான்தான். ஒரு காரியம் செய்து பார்த்தேன். தினம் பத்து முறை வீதம் ஒரு வாரம் அந்த வாக்கியத்தை எழுதிப் பழகிவிட்டு, நேற்று போனில் கருத்தரங்கு தேதியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே எழுதினேன். எழுத்து முத்து முத்தாக வந்தது. கை தானாக எழுதுகிறது அண்ணி. அதற்கு நான் தேவையே இல்லை. நாலாம் நாளுக்குப் பிறகு அந்த வாக்கியம் கையைத்தான் சோதிக்கிறது, மூளையை இல்லை. அந்தத் தப்பு என்னுடையது. நாலாம் எண்ணின் தாளில் கையெழுத்துப் போட்டது நீங்கள் என்றால், அந்தத் தாளைத் தயாரித்தது நான். உங்கள் பங்கில் பாதியை என்னிடம் கொடுத்துவிடுங்கள், இத்தனை நாள் தனியாகச் சுமந்தது போதும்.

இன்னொன்று. புகார்ப் பெட்டியின் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வந்துவிட்டன. என் செல்கள் உயிரோடு இருக்கின்றன, வேலையும் செய்கின்றன. கட்டி பாதிக்கும் கீழே சுருங்கியிருக்கிறது. சீக்கிரமே கொடுத்த அந்தச் சின்ன ஊசி அவற்றை முடக்கவில்லை. ஒருவரை வைத்துச் சட்டம் போட முடியாது, ஆனால் என் பயத்துக்கு மூக்கு உடைந்துவிட்டது.

புகாரைத் திரும்பப் பெற்றுக் கண்காணிப்பாளருக்கு எழுதிவிட்டேன். அறிக்கையின் முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். புதிதாக எழுதுகிறேன்.

வாலு


ஏப்ரல் 8

வாலு,

உன் கடிதத்தின் பின்பாதியை உன் அண்ணன்தான் எனக்குப் படித்துக் காட்டினார். பாதியிலேயே கண்ணீரில் எனக்கு எழுத்து தெரியவில்லை.

ஆனால் ஒரு பயம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நீயே உன் தப்பை முதல் பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், குழு அதையே பிடித்துக்கொண்டு கடையை மூடிவிடாதா? அந்த ஏழு பேரில் ஒருவர் தினமும் வார்டுக்குப் போன் செய்து "என் முறை வந்துட்டுதா சிஸ்டர்?" என்று கேட்கிறார். நாலாயிரத்து நூறைக் கொஞ்சம் முன்னால் வைத்து, இதை நைசாகப் பின்னால் சொருகினால் என்ன? நான்தான் இப்படிச் சொல்கிறேனா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

நேற்று நாலாம் எண்ணின் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வண்டியில் உட்கார்ந்து பேசினோம். எல்லாவற்றையும் சொன்னேன், என் கையெழுத்தையும் சேர்த்து. என்னைத் திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை ஸ்டீயரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் கேட்டார். "அந்த நோட்டுல வேற என்ன எழுதியிருக்கா?"

விடுகதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு அழுதார்.

"போடுங்க சிஸ்டர். இன்னொருத்தருக்கு இது உதவும்னா தாராளமா போடுங்க. ஆனா அந்தக் கடைசி வரிய மட்டும் தனியா போடாதீங்க, விடுகதையையும் சேர்த்துப் போடுங்க. எம் பொண்ணு அவ்ளோ அடக்கமானவ இல்ல."

கையெழுத்துப் போட்ட படிவம் இத்துடன் இருக்கிறது.

எழுதி முடித்த பிறகு, மேலே நான் சொன்ன யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எதையும் பின்னால் சொருகாதே. முன்னாலேயே வை.

அண்ணி


ஏப்ரல் 21

அண்ணி,

தொடரலாம்! முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கடைசி வரிக்குத் தாவிவிடுவீர்கள்.

நீளமான மேசை, ஒன்பது பேர். அறிக்கையின் முதல் பக்கத்தில் புகார்ப் பெட்டியின் ஐந்து வரிகளை மட்டும் வைத்திருந்தேன், விளக்கம் எதுவும் இல்லாமல். தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தார். சூப்பு வரியில் சிரிப்பு வந்தது. ஐந்தாம் வரியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு? இதுல என்ன பிரச்சினை?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேசையின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அதுவரை தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த வயதான நரம்பியல் டாக்டர்.

"சக்கரத்துக்கு எண்ணெய் போட்டாச்சா?"

"இல்லை" என்றேன்.

"அப்ப ஆள் சரியில்ல" என்றார். தலைவர் அந்த ஐந்து வரிகளையும் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

இரண்டாம் பக்கத்தில் நாலாம் எண், விடுகதையோடு. அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் என் தப்பு. அதன் மேல் ஒரு மணி நேரம் என்னைக் குடைந்தார்கள். ஒன்றையும் மழுப்பவில்லை. எனக்குப் பயமும் இல்லை. இப்போது எனக்குத் தெரிந்திருப்பது போன மாதம் தெரிந்திருந்ததைவிட அதிகம், அப்புறம் ஏன் பயப்பட வேண்டும்?

முடிவு: ஏழு பேரையும் சேர்க்கலாம். இனி இரண்டு வேளையும் நோயாளி தன் மனதில் தோன்றிய வரியைத்தான் முதலில் எழுத வேண்டும். அது அவர் வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்று பொறுப்புச் செவிலியர் சொன்னால், மதிப்பெண் எதுவாக இருந்தாலும் டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும். இதே சிகிச்சை நடக்கும் மற்ற நாலு மருத்துவமனைகளுக்கும் விதி போகிறது. விதியை எழுதியவர்கள் என்று இரண்டு பேரின் பெயர் இருக்கிறது. அகரவரிசைப்படி உங்கள் பெயர் முன்னால். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நாலாயிரத்து நூறு ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அதுவரை ஒருவரும் போகவில்லை.

இப்போதாவது போனை எடுப்பீர்களா?

வாலு


செப்டம்பர் 12

வாலு,

நேற்று ராத்திரிதான் முக்கால் மணி நேரம் போனில் பேசினோம். இருந்தாலும் இது எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஏழில் ஐந்து பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், இரண்டு பேர் இன்னும் கட்டிலில். இரண்டு தடவை நோட்டைப் பார்த்து டாக்டரைக் கூப்பிட்டேன். சொல்லி முடிப்பதற்குள் ஓடி வந்தார், சிரிக்கவில்லை.

இன்று காலை புகார்ப் பெட்டி ஆறு மாதப் பரிசோதனைக்கு வந்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சுத்தமாக ஒன்றும் இல்லை. அவருக்குச் சொன்னேன். ஸ்கேன் தாளை வாங்கித் தேதியைச் சரிபார்த்தார். பிறகு, "அந்த நோட்டு இருக்கா?" என்று கேட்டு வாங்கி, ஒரு வரி எழுதிக் கொடுத்தார்:

"இந்த ஆஸ்பத்திரி டீயைக் குடித்த பிறகும் நான் உயிரோடு இருக்கிறேன் என்றால், அந்த விஞ்ஞானி பெரிய ஆள்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாராட்டு! இந்த மனுஷரிடமிருந்து! சட்டென்று சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்ன சொல்லுங்க?"

என்னையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேனா. மூடியக் காணோம். பொறுப்பான வேலையில இருக்கீங்க, ஒரு மூடிய ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதா? அந்தச் சக்கரத்துக்காவது எண்ணெய் போட்டீங்களா இல்லையா?"

நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், வாலு. உன் அண்ணன் ஏப்ரலிலேயே எண்ணெய் டப்பாவோடு வந்து எல்லாக் கட்டிலுக்கும் போட்டுவிட்டார் என்பதுகூட வாயில் வரவில்லை.

அண்ணி